ஈரச் சாக்கில் வந்த இலைகள்

என் அன்பு நாகவேணி அக்காவுக்கு,

முதலில் ஒரு மன்னிப்பு. இறந்துபோனவளுக்குக் கடிதம் எழுதுவதும், அதையும் நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுவதும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ இருந்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களை உன் வீட்டுக்காரரான மாமாதான் உனக்குப் படித்துக் காட்டுவார். அதனால் பாதி விஷயத்தை எழுதாமலே விட்டுவிடுவேன். இப்போது யார் படித்தாலும் படிக்கட்டும் என்று தோன்றிவிட்டது. நேரில் வாய் திறந்தால் என் குரல் தொண்டையைத் தாண்டாது என்று உனக்குத் தெரியும். எழுதும்போது மட்டும்தான் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் இலைகள் கெட்டுப்போகவில்லை, அக்கா.

கெட்டுப்போயின என்றுதான் நீ கடைசிவரை நினைத்திருந்தாய். ஓசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கட்டன கட்டுல உன் படிப்பு கெட்டுப்போச்சா பாப்பா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ நம்பவில்லை. சொன்ன நானும் அன்று நம்பவில்லை. இன்று நம்பிச் சொல்கிறேன். கையில் ஆதாரத்தோடு சொல்கிறேன்.

பெங்களூரில் நான் என்னதான் படிக்கிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். இலை வெளிச்சத்தில் என்ன செய்கிறது என்று கணக்குப் போடுகிறேன் என்றேன். "எலைக்கு என்னாத்துக்குடி கணக்கு? அது பாட்டுக்கு மொளைக்குது" என்று சிரித்தாய். அதற்குமேல் விளக்க எனக்கு அன்று வெட்கம். நம் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். போய் என்ன கற்றேன் என்று வீட்டுக்குச் சொல்லத் தெரியாத முதல் ஆளும் நான்தான். இப்போது சொல்கிறேன், கேள்.

அப்பா வேலை செய்த கம்பெனி கேட்டில் நாம் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்போமே, நினைவிருக்கிறதா? சங்கு ஊதியதும் ஷிப்ட் முடிந்த கூட்டம் வெளியே வரும். கம்பெனி பஸ்கள் காலியாக நின்றால், வந்தவர்கள் ஏறிப் போய்க்கொண்டே இருப்பார்கள், கேட் வெறிச்சென்று ஆகிவிடும். பஸ்கள் முன்பே நிரம்பியிருந்தால் கூட்டம் ரோட்டில் வழியும். இலைக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. வெளிச்சம் பட்டதும் பச்சையத்திலிருந்து சிறு சிறு மின்துகள்கள் கிளம்புகின்றன. அவற்றை ஏற்றிக்கொண்டுபோய் உணவு சமைக்கும் இடத்தில் இறக்கிவிட, இலைக்குள்ளேயே வண்டிகள் உண்டு. வண்டிகள் காலியாக இருந்தால் வெளிச்சம் வேலைக்குப் போய்விடும். நிரம்பியிருந்தால், வேலை கிடைக்காத வெளிச்சத்தில் ஒரு பங்கைச் சிவப்பொளியாக இலை திருப்பி அனுப்பிவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. எங்கள் ஆய்வகத்துக் கருவிக்குத் தெரியும்.

இருட்டில் வைத்த இலைமேல் சட்டென்று விளக்கைப் போட்டால், அந்தச் சிவப்பொளி கண் இமைக்கும் நேரத்தில் ஏறி உச்சிக்குப் போய், பிறகு மெதுவாக இறங்குகிறது. திரையில் அது ஒரு கோடாக வரும். அந்தக் கோடு ஏன் அப்படி ஏறுகிறது என்று சமன்பாடுகளில் எழுதுவதுதான் என் வேலை. எத்தனை துகள் என்ன வேகத்தில் கிளம்புகிறது, எத்தனை வண்டி இருக்கிறது, போன வண்டி எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கம்ப்யூட்டர் வரையும் கோடு இலை வரைந்த கோட்டின்மேல் ஒட்டி விழுந்தால், இலையை அறுக்காமலே அதன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம்.

கணக்கை எங்கேயாவது தொடங்க வேண்டுமே. இருட்டில் இருந்த இலையில் வண்டிகள் எல்லாம் காலி என்று வைத்துத் தொடங்குவது வழக்கம். நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. நானும் முதல் வரியில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு மேலே போனேன்.

கண்ணாடி வீட்டில் வளர்த்த செடி போதாது, வயலில் வளர்ந்த இலை வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் ஒருநாள் சொன்னபோது, "எங்க அக்கா மல்பெரி வெச்சிருக்காங்க சார்" என்று நான் சொல்லிவிட்டேன். கேட்காமலே நான் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்று முதல் ஆய்வகத்தில் எனக்கு 'ரேஷ்மே ஹுடுகி' என்று பெயர். பட்டுக்காரப் பெண் என்று கன்னடத்தில் கிண்டல்.

இலைகளைக் காகிதத்துக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அனுப்பும்படி உனக்கு எழுதினேன். மாமா அதை உனக்குப் படித்துத்தான் காட்டினாராம். பெட்டியில் ஓட்டை போட்டு இலையைக் காயவிடச் சொல்லும் ஊர் எந்த ஊர் என்று நீ நினைத்திருப்பாய். விடிந்ததும் பறித்து, சாக்கை நனைத்து, இலையை முட்டிபோட்டு அமுக்கி அடைத்து, வாயை இறுக்கிக் கட்டி மாமாவிடம் கொடுத்துவிட்டாய். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரை கொண்டுவந்து, அங்கே அவர் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தூரத்துத் தோட்டத்திலிருந்து பட்டுப்புழுவுக்கு இலை வாங்கி வருகிறவர்கள் எல்லோரும் கட்டுகிற கட்டுதான் அது.

அதை வாங்கிக்கொண்ட நானும் வேறு ஊர்க்காரி இல்லையே. புழுத்தட்டு எதிரில் இருந்தால்தான் சாக்கின் கட்டை அவிழ்ப்பது என்று உன் கொட்டகையில் பார்த்துப் பழகியவள். கட்டை அவிழ்க்காமல் அப்படியே இருட்டறையில் வைத்தேன். மறுநாள் காலையில் சாக்குக்குள் கைவிட்டு, ஓர் இலையை உருவி, நேரே கருவியில் வைத்தேன். சாக்குக்குள் இருட்டில்தானே இருந்தது, இன்னொரு முறை இருட்டில் காத்திருக்க வைப்பானேன் என்று நினைத்தேன். அந்த அறையில் வேறு யாராக இருந்தாலும் முதல் வேலையாகச் சாக்கைப் பிரித்து இலைகளைப் பரப்பியிருப்பார்கள்.

திரையில் வந்த கோட்டைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. தொடங்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் தொடங்கியது. படிப்படியாக ஏற வேண்டியது ஒரே தாவலில் உச்சிக்குப் போய் நின்றது. என் சமன்பாட்டின் கோடு எங்கோ கீழே தனியாகக் கிடந்தது. பேராசிரியர் வந்து பார்த்தார். மைசூர்க்காரர், சென்னையில் படித்ததால் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். சாக்குக்குள் எட்டிப்பார்த்து முகர்ந்துவிட்டு, "சாரதா, இது எலை இல்லம்மா. வேகவெச்ச கீரை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

அடுத்த முறை நான் கெஞ்சி எழுதியபிறகு பெட்டியில் அனுப்பினாய். கோடு எல்லா இலையின் கோட்டையும் போல ஒழுங்காக வந்தது. பேராசிரியருக்கு அதுவே போதுமான சாட்சி. சாக்கில் வந்ததெல்லாம் அழுகல், அந்தக் கோடுகளை எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்து ஆய்வேட்டை முடி என்றார். சரி சார் என்றேன். என் கோடுகளுக்குச் 'சாக்குக் கோடு' என்று பெயர் நிலைத்துவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது அதை ஒரு வேடிக்கையாகத்தான் உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்காமல் உள்ளே போய்விட்டாய்.

மாசியில் உனக்குக் காமாலை வந்தது. பக்கத்து ஊரில் பொடி கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், பத்தியம் போட்டார்கள். ஓசூருக்குக் கொண்டுவந்தபோது நேரம் கடந்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை, அக்கா. ஓர் இலை பழுக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே அதற்குள் ஏதோ சரியில்லை என்று எங்கள் கருவி சொல்லிவிடும். உன் கண் மஞ்சளாகிற வரைக்கும் உனக்குள் சரியில்லை என்று சொல்ல அந்த மலையடிவாரத்தில் யார் இருந்தார்கள்? நீ சோர்வாக இருக்கிறது என்று சொன்னபோது, வேலை அதிகம் என்றுதானே எல்லோரும் சொன்னோம்?

நீ போன மறுநாள் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொட்டகையில் உன் புழுக்கள் தோலுரிக்கும் கடைசித் தூக்கம் முடித்து எழுந்திருந்தன. ஓயாமல் தின்கிற பருவம். சாவு வீட்டுக்காரர்கள் புழுக் கொட்டகைக்குள் போகக்கூடாது என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இலை கொண்டுவந்து போட்டவர்களும் வெளியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு இருந்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலில் கிடந்த ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் உள்ளே போனேன்.

"அய்யோ, உள்ள போவுது பாரு" என்று ஒரு குரல். "விடு, புழுவாச்சும் பொழைக்கட்டும்" என்று இன்னொன்று.

சாக்கை அவிழ்த்துக் கையை விட்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. இலைகள் மூச்சுவிட்ட சூடு. பறித்த இலையும் மூச்சுவிடும் என்று எனக்குப் பாடத்தில் தெரியும், கையில் அன்றுதான் தெரிந்தது. மூச்சுவிட்டால் உள்ளே இருக்கிற பிராணவாயு தீர்ந்துபோகுமே என்று நினைத்தேன். இலைகளை உதறித் தட்டில் பரப்பினேன். புழுக்கள் தின்றன. உனக்குத் தெரியாததா, அழுகிய இலையைப் போட்டால் புழு நோயில் விழும். இவை ஒன்றும் ஆகாமல் தின்று, அடுத்த வாரம் கூடும் கட்டின. அப்படியானால் சாக்கு இலை அழுகல் இல்லை. அழுகல் இல்லையென்றால் என் கோடு பொய் இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு இதை நினைத்ததற்காக நீ என்னைக் கோபித்துக்கொள்வாயா?

பெங்களூருக்குத் திரும்பியதும் எங்கள் வளாகத்திலேயே இருந்த மல்பெரிச் செடியில் பறித்து, நீ கட்டுகிற மாதிரி நானே முட்டிபோட்டு அமுக்கி ஈரச் சாக்கில் கட்டினேன். ஆய்வகத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் சாக்கிலிருந்து எடுத்துக் கருவியில் வைத்த இலை அதே சாக்குக் கோட்டைக் காட்டியது. அதே சாக்கின் மீதி இலைகளை இருட்டறையிலேயே மேசைமேல் பரப்பிக் காற்றாட விட்டேன். கொஞ்சநேரம் கழித்து அவற்றை வைத்தேன். எல்லா இலையையும் போலச் சாதாரணமான கோடு வந்தது. செத்த இலை காற்றுப் பட்டு எழுந்துகொள்ளுமா?

வண்டிகள் காலியாக இல்லை, அக்கா. அதுதான் விஷயம். காற்று தீர்ந்த சாக்குக்குள், விளக்குப் போடுவதற்கு முன்பே, இலை தன் சொந்த மூச்சில் கிளம்பிய மின்துகள் சரக்கை வண்டிகளில் ஏற்றி நிரப்பி வைத்திருந்தது. காற்று இல்லாததால் அதை இறக்கவும் வழியில்லை. நான் முதல் வரியில் எழுதிய பூஜ்யத்தை அழித்து, அங்கே ஓர் எண்ணைப் போட்டேன். மற்ற எந்த எண்ணையும் தொடவில்லை. பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தை இலையின் கோட்டின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கோடும் ஒரே கோடாகத் தெரிந்தன.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். தானும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கீரை எழுந்து உக்காந்துடுச்சே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் உடனே இன்னொன்றும் சொன்னார். இதை ஆய்வேட்டில் சேர்ப்பதாக இருந்தால், அதே தோட்டத்து இலையை இன்னொரு பருவத்தில் எடுத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். உதவித்தொகை நீளுமா என்று தெரியாது. விட்டுவிட்டால் கார்த்திகைக்குள் சமர்ப்பித்துப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். யோசித்துச் சொல் என்றார்.

"சேத்துக்கறேன் சார்" என்று அங்கேயே சொன்னேன். யோசிக்கப் போனால் என் வாய் மூடிக்கொண்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷம்தான் வீட்டில் இடியாக விழுந்தது. உன் வருஷம் திரும்புவதற்குள் தை மாதத்தில் என்னை மாமாவுக்குக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. என் எதிரிலேயே பேசினார்கள். "ஒரே வயித்துல பொறந்தவ இருக்கறப்ப கொழந்தைக்கு வேத்து மனுஷி வரலாமா?" என்று அம்மா கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மாமா வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். வாய் திறக்காதவளின் மனசு காலியாகத்தான் இருக்கும் என்று எப்படி அவ்வளவு சுலபமாக முடிவுகட்டுகிறார்கள்?

நம் பக்கத்தில் இது புதிதில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா போன வீட்டுக்குத் தங்கை போவாள். அதில் நன்றாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். மாமாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. அதைத்தான் எல்லோரும் எனக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அவர் நல்லவர் என்பதற்காக நான் ஏன் நீயாக வேண்டும்? உன் புடவை, உன் அடுப்பு, உன் கட்டில், உன் பெண். நான் போட்டு வைத்த என் கணக்கு மட்டும் யாருடையது?

"படிச்சது போதும்டி. இன்னும் ஒரு வருஷம் எலைய வெச்சிக்கினு என்னா பண்ணப் போற?" என்றாள் அம்மா. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். முடியாது என்று நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். காதில் விழாதது போல அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகவே சொல்ல வேண்டியவரிடமே சொன்னேன். மழைக்காலத்தில் அதே தோட்டத்து இலை வேண்டும் என்று மாமாவுக்கு எழுதியிருந்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவரே சாக்கோடு வந்தார். உன் மகள் கௌரிக்கு வாங்கிய மிக்சர் பொட்டலம் சட்டைப்பையில் பிதுங்கிக்கொண்டிருந்தது. "அவ கட்டற மாதிரியே கட்டியிருக்கேன்" என்று சாக்கை இறக்கி வைத்தார். பெங்களூர் பஸ் வர நேரமிருந்தது. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "தை மாசம்னு பேசிக்கறாங்க" என்றார்.

"எனக்கு சம்மதம் இல்ல மாமா."

அவர் திரும்பினார். "நீ சரின்னுட்டன்னு உங்கம்மா சொன்னாங்களே."

"அவங்க சொன்னாங்க. நான் சொல்லல."

கண்டக்டர்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவமானமா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. உன்னைப் போல அவர் முகத்தைப் படிக்க எனக்கு வராது.

"எனக்குக் கவலை கௌரிதான்" என்றார்.

"எனக்கும்தான் மாமா. அவளுக்கு நான் சின்னம்மா. அது மாறாது."

பஸ் வந்தது. சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தார். இறங்கிப்போனவர் ஜன்னல் பக்கம் திரும்பி வந்து, "அப்ப, எலை இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும்."

"வர வாரம் செடி வெட்டறோம். அதுக்கு முன்னாடி இன்னொரு சாக்கு ஏத்திவுடறேன்."

அனுப்பினார். அதையும் அளந்தேன். உன் தோட்டம், வேறு பருவம், அதே கோடு. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் பொருந்துகிறது. அந்த அத்தியாயம் இப்போது என் ஆய்வேட்டின் நடுவில் இருக்கிறது. இலைகள் எங்கிருந்து வந்தன என்ற இடத்தில் 'உள்ளூர் விவசாயி ஒருவர்' என்று போட்டால் போதும் என்றார்கள். நாகவேணி, தேன்கனிக்கோட்டை வட்டம் என்று போட்டேன். பெயரைக் கோடு போட்டு அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பவும் எழுதினேன். இப்போது அடிப்பதில்லை.

துறையில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, எழுத்தறியாத ஒரு கிராமத்துப் பெண் விஞ்ஞானத்துக்கே பாடம் சொல்லிவிட்டாள் என்று உருகினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் உட்காரவில்லை. எங்க அக்கா பாடம் ஒன்றும் சொல்லவில்லை, புழுவுக்குக் கட்டுகிற கட்டை எனக்குக் கட்டினாள், நானும் அதைப் பிரிக்காமல் வைத்தேன், வந்த கோட்டை எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னபோது போடாமல் கணக்குப் போட்டது நான் என்றேன். குரல் கடைசி வரிசைவரை கேட்டதாம். உன்னைப் பெரிய மனுஷியாக்குகிற சாக்கில் என் வேலையை யாரும் எடுத்துக்கொண்டுபோக விடமாட்டேன். உன்னைப் பொம்மையாக்கவும் விடமாட்டேன். நீ இருந்திருந்தால், "நல்லா சொன்ன போ" என்று சிரித்திருப்பாய் இல்லையா?

மற்றபடி இங்கே நம் வீட்டுக்கு எதிரே இருந்த ராகி வயலில் ஒரு கம்பெனிக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். நம் தொரப்பள்ளிப் பக்கம் இப்போது கம்பெனி பஸ் வருகிறது. அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார், ஆனாலும் சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கௌரி பள்ளிக்கூடம் போகிறாள். முன்பல் விழுந்துவிட்டது. உன்னைப் போலவே எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள், ஆனால் கணக்குப் போடச் சொன்னால் அழுகிறாள். மாமா மறுபடியும் புழு வைத்திருக்கிறார். அவருக்கு அஞ்செட்டிப் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்வி. அந்தப் பெண் எப்படிப்பட்டவளோ. வந்தபிறகு நானே போய்ப் பேசுவேன். கௌரியின் தலையை யார் வாரினாலும் வலிக்காமல் வார வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கௌரி படிக்கிற வரைக்கும் படிப்பாள். நடுவில் யாராவது போதும் என்றால், அவளுக்குப் பதிலாகச் சத்தமாகப் பேச நான் வருவேன். பள்ளிக்கூட லீவு விட்டால் பெங்களூருக்கு அழைத்துப்போய், இருட்டறையில் இலையின்மேல் விளக்குப் போட்டு அந்தக் கோட்டைக் காட்டுவேன். உன் பெயர் அச்சாகியிருக்கும் பக்கத்தை அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை.

தை மாதம் போய்விட்டது. அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் போனால் சோறு போடுகிறாள், தட்டைப் பார்த்துக்கொண்டு போடுகிறாள். காரணத்தை அப்பாதான் சொன்னார். நீ அம்மாவின் கனவில் வந்து, தங்கச்சியை என் வீட்டுக்கு அனுப்பு என்று அழுதாயாம். நான் அனுப்பவில்லையே, அவள் அழுதுகொண்டே போனாளே என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது அழுகிறாளாம். பேராசிரியரிடம் வாதாட எனக்குக் காகிதம் இருந்தது. மாமாவிடம் சொல்ல இரண்டு வார்த்தை இருந்தது. கனவோடு நான் எதை வைத்து வாதாடுவேன்? நான் கனவை நம்புகிறவள் இல்லை, அக்கா. ஆனால் அவள் நம்புகிறாள். என் பேச்சை அவள் என்றைக்கும் கேட்டதில்லை. உன் பேச்சை என்றைக்கும் தட்டியதில்லை.

அதனால் என் கனவுக்கு நீ வர வேண்டாம். அம்மாவின் கனவுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை போ. இந்த முறை அழாதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பாவ வுட்டுடும்மா, அவ அவ வூட்டுல இருக்கட்டும்" என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா.

என்றைக்கும் உன் தங்கையாக மட்டுமே இருக்கப்போகிற,
சாரதா